ஐந்து இடங்கள் கொண்ட அலமாரி: ஆத்தானமியில் நாவல் வரைவுகள் வாசிக்கப்பட்ட விதம்

2008ஆம் ஆண்டு ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகத்தின் பிரிட்டன் பிரிவு ஆத்தானமி என்ற இணையதளத்தைத் தொடங்கியது. இன்னும் நூலாகாத நாவல்களை எழுதியவர்களே அங்கே பதிவேற்றலாம். ஒருவர் எழுத்தை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்லலாம். பலருடைய ஆதரவைப் பெற்றவை பதிப்பகத்தின் பார்வைக்குப் போகும். ஏழு ஆண்டுகள் இயங்கிய பிறகு 2015 செப்டம்பர் இறுதியில் அது மூடப்பட்டது. அந்த ஏழு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் வரைவுகளை அங்கே வைத்தார்கள், பிறருடைய அத்தியாயங்களை இரவெல்லாம் கண்விழித்துப் படித்தார்கள், சிலர் நூலாசிரியர்களாகவும் ஆனார்கள். நாவல் எழுத முனைவோர் தமக்குள் வரைவுகளைப் பகிர்ந்துகொள்ளும் எந்த ஏற்பாட்டிலும், வாசிப்பவருக்குக் கிடைக்கும் பலன் எதுவோ அதுவே அங்கு எழுதப்படும் கருத்தின் தரத்தையும் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சோதித்துப் பார்க்க ஆத்தானமியைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆகவே அதன் விதிகளைச் சற்று விரிவாகவே இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னணி

பெரிய ஆங்கிலப் பதிப்பகங்களுக்குக் கேட்காமலே வந்து சேரும் கையெழுத்துப் பிரதிகள் எப்போதும் மலைபோல் குவிந்து கிடப்பவை. முன்பெல்லாம் அலுவலகத்தின் இளநிலை ஊழியர் ஒருவர் ஒவ்வொன்றிலும் சில பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அச்சடித்த மறுப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்புவார். ஆட்களும் நேரமும் போதாமல் போனபோது பல நிறுவனங்கள், எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களோடு பேசும் முகவர் வழியாக வராத பிரதிகளை வாங்குவதையே நிறுத்திவிட்டன. அதனால் முகவர் இல்லாத புதிய எழுத்தாளர் தட்டுவதற்குக் கதவே இல்லாத நிலை ஏற்பட்டது. குவியலைப் படிக்கும் வேலையை அந்தக் குவியலை உண்டாக்கியவர்களிடமே ஒப்படைத்துவிட்டால் என்ன என்ற யோசனைதான் ஆத்தானமி. பதிப்பகத்துக்கு அதனால் கிடைத்த ஆதாயம் வெளிப்படை. ஆனாலும் அதை வெறும் சுயநலமாக நான் பார்க்கவில்லை. வாய்ப்பே இல்லாத இடத்தில் ஒரு வாய்ப்பை அது உண்மையாகவே திறந்துவிட்டது.

எழுத்தாளர்கள் ஒன்றுகூடி ஒருவர் வரைவை ஒருவர் அலசும் வழக்கம் இணையத்துக்கு வெகுகாலம் முந்தியது. 1956இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மில்ஃபோர்ட் என்ற சிற்றூரில், டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் ஆகிய அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் ஒரு பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே எல்லோரும் வட்டமாக அமர்வார்கள். கதையை முன்கூட்டியே படித்துவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை கதையை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. ராபின் ஸ்காட் வில்சன் இந்த முறையை எடுத்துக்கொண்டு 1968இல் கிளாரியன் பட்டறையைப் புதிய எழுத்தாளர்களுக்காகத் தொடங்கினார். பிளிஷ் இங்கிலாந்தில் குடியேறிய பிறகு, 1972இல் மில்ஃபோர்ட் பட்டறை அங்கேயும் நடக்கத் தொடங்கியது. இந்த வட்டத்தில் யாருக்கும் மதிப்பெண் கிடையாது, தரவரிசை கிடையாது, முடிவில் பரிசும் கிடையாது. இன்று என் கதையைப் பிரித்துப் போட்டவரின் கதையை நாளை நான் பிரித்துப் போடுவேன் என்ற ஒரே ஒப்பந்தம்தான் அவர்களுக்குள் இருந்தது. ஆத்தானமி இந்த ஒப்பந்தத்தோடு ஒரு போட்டியையும் சேர்த்தது.

அலமாரியின் கணக்கு

தளத்தில் ஒரு நூலைப் பொதுப்பார்வைக்கு வைக்கக் குறைந்தது 10,000 சொற்களைப் பதிவேற்ற வேண்டும். முழு நாவலையும் ஏற்றலாம், விருப்பமில்லாவிட்டால் தொடக்கத்தை மட்டும் ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஐந்து நூல்களுக்கு மட்டும் இடமுள்ள ஓர் அலமாரி உண்டு. தமக்குப் பிடித்த நூலை அந்த அலமாரியில் வைப்பதுதான் அதற்கு அளிக்கும் ஆதரவு. எத்தனை அலமாரிகளில் ஒரு நூல் இருக்கிறது என்பதோடு, அந்த அலமாரிகள் யாருடையவை என்பதும் கணக்கில் சேரும். ஏனென்றால் உறுப்பினர்களுக்கும் திறமையைக் கண்டறிபவர்கள் என்ற முறையில் தனியே ஒரு தரவரிசை இருந்தது. நீங்கள் ஆதரித்த நூல் பிற்பாடு மேலே போனால் உங்கள் மதிப்பும் கூடும். மதிப்புக் கூடியவரின் ஆதரவு ஒரு நூலை மேலும் வேகமாக மேலே தள்ளும். ஒவ்வொரு மாத முடிவிலும் பட்டியலின் முதல் ஐந்து இடங்களில் இருக்கும் நூல்கள் பதிப்பாசிரியரின் மேசைக்குப் போகும். அங்கே அவற்றைப் படித்து ஒரு மதிப்பீட்டை எழுதித் தருவார்கள். நல்லூழ் இருந்தால் ஒப்பந்தமும் கிடைக்கக்கூடும்.

தாளில் பார்த்தால் இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. அலமாரியில் ஐந்தே இடங்கள் என்பதால் கண்ட நூலுக்கெல்லாம் ஆதரவு தந்துவிட முடியாது, தேர்ந்தெடுத்தே தர வேண்டும்; நல்ல நூலை முதலில் கண்டுபிடிப்பவருக்கும் பலன் உண்டு. வடிவமைத்தவர்கள் சிந்தித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எதிர்பார்த்த வாசகர் ஒருவர், தளத்துக்கு உண்மையில் வந்தவர் வேறொருவர். நல்ல கதை தேடி வரும் பொதுவாசகர்கள் அங்கே குறைவு. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் நாவலை ஏற்கெனவே அதே பட்டியலில் வைத்திருந்தவர்கள். தேர்வாளர்களும் போட்டியாளர்களும் ஒரே ஆட்களாக இருந்தார்கள்.

அதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. ஒரு புதியவர் தம் நாவலை ஏற்றிய சில மணி நேரத்துக்குள் அவருக்குச் செய்திகள் வரும். உங்கள் முதல் அத்தியாயம் அருமையாக இருக்கிறது, அலமாரியில் வைத்துவிட்டேன், நேரம் கிடைக்கும்போது என் நாவலையும் ஒரு பார்வை பாருங்கள் என்ற தொனியில் அவை அமைந்திருக்கும். நம் கல்யாண வீடுகளில் மொய் எழுதும் வழக்கத்தை அறிந்த எவருக்கும் இந்தச் செய்தியின் பொருள் உடனே விளங்கிவிடும். வாங்கியவர் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடுத்த முறை கணக்கு நேராகிவிடும். ஆதரவை ஆதரவுக்கு மாற்றிக்கொள்வது ஆத்தானமியின் நடைமுறையாகவே ஆகிவிட்டது என்று உள்ளே இருந்தவர்களே ஆண்டுக்கணக்கில் வருந்தி எழுதினார்கள். கணக்கிடும் முறையை நிறுவனம் பின்னாளில் திருத்தியும் பார்த்தது. ஆனால் வாசிப்பவரும் வாசிக்கப்படுபவரும் ஒரே பட்டியலில் நின்றவரை, எந்தத் திருத்தமும் அடிப்படையைத் தொட முடியவில்லை.

இதில் பங்கேற்றவர்களை நேர்மையற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஒருவருடைய நிலையில் நின்று பார்ப்போம். மூன்று ஆண்டுகள் உழைத்து ஒரு நாவலை முடித்திருக்கிறார். பட்டியலில் முந்நூறாவது இடத்தில் இருக்கிறார். எண்பதாவது இடத்தில் இருக்கும் ஒருவர் அவருடைய நாவலை மனமாரப் புகழ்ந்து தம் அலமாரியில் வைக்கிறார். பதிலுக்கு இவர் அந்த எண்பதாவது நாவலைத் திறந்தால் அதன் இரண்டாம் அத்தியாயம் தொய்வாக இருக்கிறது, கதாநாயகி பேசும் விதம் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் பொருந்தவில்லை. கருத்துகளோ எல்லோரும் பார்க்கும்படி நூலின் பக்கத்திலேயே தோன்றுபவை. உள்ளதைச் சொன்னால் எழுதியவருக்குப் பயன்படும்; ஆனால் அது அவருடைய தரவரிசையைப் பாதிக்கலாம், நட்பு முறியலாம், தம் நாவல் அவர் அலமாரியிலிருந்து இறக்கப்படலாம். ஆகவே வர்ணனை அழகாக இருக்கிறது, மேலும் படிக்க ஆவலாக இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிவிட்டு நகர்கிறார். இந்த இரண்டு வரியில் பொய் எதுவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டிய மீதிதான் அதில் இல்லை. இப்படிச் சொல்லாமல் விட்ட மீதிகளின் கூட்டுத்தொகைதான் அந்தத் தளத்தின் மீது எனக்குள்ள உண்மையான வருத்தம். இரண்டாம் அத்தியாயத்தின் தொய்வைக் கண்ணால் கண்ட இருபது பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லாமல் போனால், அந்த நாவலாசிரியர் தம் பிழையோடு பதிப்பாசிரியரின் மேசைவரை போய்ச் சேருவார்.

வாசிப்பின் நீளமும் இதனால் சுருங்கியது. மாதத்துக்கு ஒரு நாவலை ஊன்றிப் படிப்பவரைவிட, நாளுக்குப் பத்து நாவல்களின் முதல் அத்தியாயத்தை மேய்பவருக்கே பட்டியலில் முன்னேற்றம் கிடைத்தது. எனவே எல்லோரும் தொடக்கத்தையே படித்தார்கள், எல்லோரும் தொடக்கத்தையே திருத்தினார்கள். முதல் மூன்று பக்கங்கள் பளபளக்கும்வரை தேய்க்கப்பட்டன. பதினைந்தாவது அத்தியாயத்தை எழுதியவரைத் தவிர வேறு எவரும் திறந்திருக்க மாட்டார்கள். நாவல் என்ற வடிவத்துக்கு இதைவிடப் பொருந்தாத வாசிப்பு முறை இருக்க முடியாது. தொடக்கம் கவர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாவலின் சிக்கல்கள் பெரும்பாலும் நடுவில்தான் வேர்விட்டிருக்கும். யாருடைய கதை இது என்ற கேள்வி அங்கேதான் மங்கிப்போகிறது. காலக்கணக்கு அங்கேதான் தவறுகிறது. எழுதுகிறவரின் மூச்சும் அங்கேதான் வாங்குகிறது.

மேசைக்குப் போனவை

மாதந்தோறும் ஐந்து நூல்கள் பதிப்பாசிரியர்களிடம் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் எழுதித் தந்த மதிப்பீடுகள் அக்கறையோடு எழுதப்பட்டவையே என்றாலும், ஒப்பந்தம் என்ற இடத்துக்குப் போனவை மிகச் சில. மாதக்கணக்கில் ஆதரவு திரட்டி உச்சிக்கு ஏறிய ஒருவருக்கு, தொழில்முறை வாசகர் ஒருவர் உங்கள் கதைமாந்தர்கள் இன்னும் உயிர்பெறவில்லை என்று முதன்முறையாகச் சொல்வது எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அதே கருத்தைச் சக எழுத்தாளர் ஒருவர் ஆறு மாதங்களுக்கு முன்பு சொல்லியிருந்தால் அது அதிர்ச்சியாக இருந்திருக்காது, வேலையாக இருந்திருக்கும்.

வெற்றிகளும் இருந்தன, அவற்றை மறைப்பது ஆய்வுக்கு அழகல்ல. மிராண்டா டிக்கின்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் நாவல் இந்தத் தளத்தின் வழியாகவே ஹார்ப்பர்காலின்ஸின் கவனத்துக்கு வந்தது. அந்நிறுவனத்தின் ஏவன் என்ற பிரிவு அதை ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’ என்ற பெயரில் 2009இல் வெளியிட்டது; அது சண்டே டைம்ஸ் என்ற ஞாயிறு இதழின் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. அவர் தொடர்ந்து எழுதி, இன்று பல நாவல்களின் ஆசிரியராக இருக்கிறார். ஆக, கதவு திறக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் இங்கே எழுப்பும் கேள்வி கதவைப் பற்றியதன்று, அந்தக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கானோருக்கு வரிசையில் நின்ற காலத்தில் எழுத்து மேம்பட்டதா என்பதைப் பற்றியது. சிலருக்கு நிச்சயமாக மேம்பட்டது. ஏனென்றால் பட்டியலைப் பற்றிக் கவலைப்படாத சிறு குழுக்கள் தளத்துக்குள்ளேயே உருவாகி, தங்களுக்குள் மின்னஞ்சலில் முழு நாவல்களையும் பரிமாறிக் கண்டிப்போடு அலசிக்கொண்டன. தளத்தின் விதிகளை ஒதுக்கிவைத்த இடத்தில்தான் தளத்தின் நோக்கம் நிறைவேறியது என்பது கவனிக்கத்தக்கது.

மூடப்பட்டதற்கு வாக்குப் பரிமாற்றத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. 2007 இறுதியில் அமேசான் கிண்டில் என்ற மின்நூல் கருவியையும் அதோடு சேர்த்து யார் வேண்டுமானாலும் நூல் வெளியிடும் வசதியையும் கொண்டுவந்தது. 2010வாக்கில் அது பிரிட்டனிலும் பரவியது. பதிப்பாசிரியரின் மேசைக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை அதன் பிறகு பலருக்கு இல்லாமல் போனது. 2006இல் டொரொன்டோவில் தொடங்கிய வாட்பேட் என்ற கதைத் தளம் இளைய எழுத்தாளர்களை இழுத்துக்கொண்டது. ஆத்தானமி அளித்த பரிசின் மதிப்புக் குறைந்ததும், அந்தப் பரிசை மட்டும் நம்பி நின்ற வாசிப்பும் குறைந்தது.

மற்ற ஏற்பாடுகள்

இதே பிரிட்டனில், ஆத்தானமிக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 2006இல், இங்கிலாந்தின் கலை மன்றத்தின் நிதியுதவியோடு யூரைட்ஆன் என்ற தளம் தொடங்கப்பட்டிருந்தது. அங்கும் தரவரிசை இருந்தது. முன்னணியில் வருபவர்களுக்குப் பெரிய பதிப்பகங்களின் ஆசிரியர்களிடமிருந்து மதிப்பீடு கிடைத்தது. ஆனால் யார் யாருடைய எழுத்தைப் படிப்பது என்பதை உறுப்பினர்கள் முடிவு செய்யவில்லை, தளமே குலுக்கல் முறையில் முடிவு செய்தது. நீங்கள் ஒருவரைப் படித்துக் கருத்து எழுதினால் உங்களுக்கு ஒரு வரவு சேரும். அந்த வரவைக் கொண்டு உங்கள் எழுத்து முன்பின் தெரியாத மூன்றாம் மனிதர் ஒருவருக்கு அனுப்பப்படும். நீங்கள் யாரைப் படித்தீர்களோ அவரே உங்களைப் படிக்கப்போவதில்லை. இந்த ஒரே ஒரு மாற்றத்தால் மொய்க் கணக்கு எழுத இடமில்லாமல் போகிறது. மதிப்பெண்ணை வேண்டுமென்றே குறைத்துப் போட்டுப் போட்டியாளரைக் கீழே தள்ளும் ஆசை அங்கே எழக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தரவரிசை இருக்கும் இடத்தில் எல்லாம் அந்த ஆபத்தும் இருக்கும். ஆனாலும் போலிப் புகழ்ச்சியைவிட மிகையான கண்டிப்பு நாவலாசிரியருக்குக் குறைந்த தீங்கையே செய்யும் என்பது என் கருத்து.

தரவரிசையையே வைத்துக்கொள்ளாத ஏற்பாடு ஒன்று இவை இரண்டுக்கும் வெகுமுன்பே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. கணினி அறிவியலாளரும் அறிவியல் புனைகதை எழுத்தாளருமான ஆண்ட்ரூ பர்ட் 1995இல் கிரிட்டர்ஸ் என்ற பட்டறையைத் தொடங்கினார். அறிவியல் புனைகதை, மிகுபுனைவு, திகில் கதை எழுதுவோருக்கென உருவான அது மில்ஃபோர்ட் வட்டத்தின் ஒப்பந்தத்தையே மின்னஞ்சல் வழியாக நடைமுறைப்படுத்தியது. வரைவுகள் வரிசையில் காத்திருக்கும். வாரந்தோறும் ஒரு தொகுதி உறுப்பினர்களுக்கு வரும். உறுப்பினர் அவற்றில் எதையாவது தேர்ந்தெடுத்து விரிவான கருத்து எழுத வேண்டும். நான்கு வாரங்களில் மூன்று வாரங்களாவது எழுதியவருக்குத்தான் தம் வரைவை வெளியிடும் உரிமை. வரைவுகள் உறுப்பினர்களுக்கு மட்டுமே தெரியும் என்பதால், முன்பே வெளியான படைப்பு என்று இதழ்கள் பிற்பாடு நிராகரிக்கும் சிக்கலும் வரவில்லை. கருத்தைச் சொல்லும் விதம் குறித்துப் பர்ட் விரிவான வழிகாட்டுதலையே எழுதிவைத்தார். இது தவறு என்று தீர்ப்பு வழங்காமல், இந்த இடத்தில் எனக்கு இப்படித் தோன்றியது என்று வாசகராக நின்று சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இதைச் சிலர் வெறும் பண்பாட்டு விதியாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது துல்லியத்துக்கான விதியாகவே படுகிறது. நான்காவது பக்கத்தில் என் கவனம் சிதறியது என்பது மறுக்க முடியாத தகவல். நான்காவது பக்கம் மோசம் என்பது விவாதத்துக்குரிய தீர்ப்பு. நாவலாசிரியருக்குத் தேவைப்படுவது முன்னது.

சக எழுத்தாளர் அல்லாத வாசகரைப் பற்றியும் இங்கே ஒரு சொல். கலிஃபோர்னியாவில் மென்பொருள் நிரலாளராக இருந்த ஆண்டி வியர், செவ்வாயில் தனியாகச் சிக்கிக்கொண்ட மனிதனைப் பற்றிய தம் நாவலை 2009 முதல் அத்தியாயம் அத்தியாயமாகத் தம் தளத்தில் இலவசமாக வெளியிட்டுவந்தார். வேதியியல் போன்ற துறைகளை அறிந்த வாசகர்கள் கணக்கிலும் வேதிவினைகளிலும் இருந்த பிழைகளைச் சுட்டிக்காட்ட, அவர் உடனுக்குடன் திருத்திக்கொண்டே போனார். 2011இல் வாசகர்களின் வேண்டுகோளுக்கிணங்க அதைக் கிண்டிலில் 99 சென்ட் விலைக்கு வைத்தார். 2014இல் கிரவுன் பதிப்பகம் அதை ‘தி மார்ஷியன்’ என்ற அச்சு நூலாகக் கொண்டுவந்தது. அந்த வாசகர்களுக்கு வியரிடமிருந்து வேண்டியிருந்தது அடுத்த அத்தியாயம் ஒன்றுதான். எனவே அவர்கள் சொன்ன திருத்தத்தில் வேறு எந்த நோக்கமும் கலந்திருக்கவில்லை. ஆனால் தகவல் பிழையைச் சொல்வதற்கும் கதையின் கட்டுமானத்தில் உள்ள விரிசலைச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதைப் பெயரிட்டுச் சொல்லத் தானும் எழுதிப் பார்த்தவரால்தான் பெரும்பாலும் முடிகிறது.

ஒரு வரைவு, நான்கு கருத்துகள்

விதிகளைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, நல்ல ஏற்பாட்டில் கிடைக்கும் கருத்து நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதையும் காட்ட வேண்டும். சில நண்பர்கள் சேர்ந்து எங்கள் நாவல் வரைவுகளைக் கூகுள் டாக்ஸில் பகிர்ந்துகொள்கிறோம். மேலே சொன்னவற்றிலிருந்து எடுத்துக்கொண்ட விதிகள்தாம் எங்களுடையவையும்: ஒருவர் கருத்தை மற்றவர் பார்ப்பதற்கு முன்பே தனித்தனியாக எழுதி அனுப்பிவிட வேண்டும், எல்லாக் கருத்துகளும் வந்து சேரும்வரை எழுதியவர் பதில் சொல்லக் கூடாது, மதிப்பெண் கிடையாது.

விசைத்தறிக் கூடம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி நண்பர் ஒருவர் நாவல் எழுதிவருகிறார். அதன் இரண்டாம் அத்தியாயத்தில், வெளியூரில் வேலை பார்க்கும் மகன் இரவுப் பேருந்தில் வந்திறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகத் தறிக்கூடத்துக்குப் போகிறான். அங்கே அப்பாவும் தங்கையும் இருக்கிறார்கள். அறுந்த இழையை அப்பா முடிந்துகொண்டிருக்க, தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி ஓர் உரையாடல் நடக்கிறது. காட்சி நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்த ஒருவர் உரையாடல் நீளம், பாதியாகக் குறைக்கலாம் என்று எழுதினார். இன்னொருவர் இந்தக் காட்சியில் தங்கை எதற்கு, அவளை எடுத்துவிடலாமே என்று கேட்டார். மூன்றாமவர் மழையை வைத்துச் சூழலைக் கூட்டினால் அழுத்தம் வரும் என்றார். நான்காமவர் எந்த யோசனையும் சொல்லாமல், மகன் கூடத்துக்குள் நுழைந்ததிலிருந்து அடுத்த இரண்டு பக்கங்களை மறுபடியும் படிக்க நேர்ந்தது, ஏனென்று எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் எழுதியிருந்தார்.

மூன்று யோசனைகளும் ஒன்றோடொன்று பொருந்தாதவை; அவற்றில் எதைச் செய்திருந்தாலும் அத்தியாயம் கெட்டிருக்கும். ஆனால் நான்கு கருத்துகளும் சுட்டிய இடம் ஒன்றே. எழுதியவர் அந்த இரண்டு பக்கங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் காரணம் புலப்பட்டது. தறிகளை விற்க முன்பணம் வாங்கிவிட்டதாக அப்பா எழுதிய கடிதம் முந்தைய வரைவில் முதல் அத்தியாயத்தில் இருந்தது; புதிராக இருக்கட்டும் என்று அதை நான்காம் அத்தியாயத்துக்குத் தள்ளிவைத்திருந்தார். மகன் எதற்காக வந்திருக்கிறான் என்று தெரியாமல் வாசகர் அந்த உரையாடலைக் கேட்கிறார்; தெரியாததால் ஒருவருக்கு அது நீளமாகவும், ஒருவருக்குத் தங்கை மிகையாகவும், ஒருவருக்குச் சூழல் வெறுமையாகவும் படுகிறது. கடிதம் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பியது. உரையாடலில் ஒரு வரிகூடக் குறையவில்லை, தங்கையும் அங்கேயே இருக்கிறாள், மழையும் பெய்யவில்லை.

கருத்துகள் தனித்தனியாக எழுதப்பட்டதால்தான் இது சாத்தியமானது. முதலாமவர் நீளம் என்று சொன்னதை மற்றவர்கள் பார்த்திருந்தால், மற்ற மூவரும் அதையே வழிமொழிந்திருப்பார்கள். எழுதியவரும் உரையாடலை வெட்டியிருப்பார். ஆத்தானமியில் எல்லாக் கருத்துகளும் நூலின் பக்கத்திலேயே வரிசையாகத் தெரிந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். முதல் பத்துப் பேர் புகழ்ந்த நாவலைப் பதினொன்றாமவர் படிக்கத் தொடங்கும்போது அவர் கண்ணில் ஏற்கெனவே ஒரு கண்ணாடி மாட்டப்பட்டிருக்கும்.

முழு நாவலைப் படிப்பவர்

இந்த ஏற்பாடுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. மில்ஃபோர்ட் வட்டத்திலிருந்து இன்றைய இணையக் குழுக்கள்வரை எல்லாமே சிறுகதைக்கு இயல்பாகப் பொருந்துபவை. ஒரு சிறுகதையை ஒரே மூச்சில் படித்து முழுமையாகக் கருத்துச் சொல்லிவிடலாம். நாவலை அத்தியாயம் அத்தியாயமாக மாதக்கணக்கில் படிப்பவர் ஒவ்வோர் அத்தியாயத்தையும் சிறுகதையாகவே எடைபோடுகிறார். அத்தியாயம் ஏழில் மெதுவாக நடக்க வேண்டிய இடத்தைத் தொய்வு என்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில் விதைத்தது பதினெட்டில் முளைக்கும்போது மூன்றாம் அத்தியாயம் அவருக்கு மறந்துபோயிருக்கிறது. எழுதுகிறவரும் அவர் சொல்வதைக் கேட்டு ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனித்தனியே திருத்திக்கொண்டே போனால், தனித்தனியே நல்ல இருபது அத்தியாயங்கள் கிடைக்கும், நாவல் கிடைக்காது. முடிக்கப்படாத வரைவைப் பகிர்வதில் உள்ள பெரிய இடரும் இதுவே. முதல் ஐந்து அத்தியாயங்களுக்கு வந்த கருத்துகளைத் தீர்ப்பதிலேயே ஆண்டுகள் கழிந்து, ஆறாம் அத்தியாயம் எழுதப்படாமலே நின்றுபோன நாவல்களை நான் அறிவேன்.

கிரிட்டர்ஸ் இந்தச் சிக்கலை உணர்ந்து நாவல்களுக்கென ஒரு தனி வழியை வைத்தது. முழு நாவலையும் படித்துக் கருத்துச் சொல்ல முன்வரும் வாசகர்களை எழுதியவர் அறிவிப்பு மூலம் கேட்டுப் பெறலாம். அப்படி முழுதாகப் படித்தவருக்கு ஒரு வாரத்துக்கான வரவைவிட மிகுதியான வரவு உண்டு. ஆத்தானமியின் அலமாரியில் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்தவரின் ஆதரவுக்கும் கடைசிப் பக்கம்வரை படித்தவரின் ஆதரவுக்கும் இப்படி எந்த வேறுபாடும் வைக்கப்படவில்லை; வைத்திருந்தால் அந்த ஏழு ஆண்டுகளின் கதை வேறுவிதமாகப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் குழுவிலும் இப்போது அத்தியாயங்களைப் பகிர்வதை நிறுத்தியிருக்கிறோம். முதல் வரைவு முற்றும் போடும்வரை யாரும் யாருக்கும் எதையும் காட்டுவதில்லை. முடிந்த பிறகு இரண்டு பேர் மட்டும் முழு நாவலையும் படிக்கிறார்கள். மற்ற இருவர் அடுத்த வரைவுக்காகக் கதையின் ஒரு வரியைக்கூடக் கேளாமல் காத்திருக்கிறார்கள்; ஒரு நாவலை முதன்முறையாகப் படிக்கும் வாய்ப்பு ஒரு வாசகருக்கு ஒரே ஒரு தடவைதான் உண்டு என்பதால், இருக்கும் நான்கு பேரையும் முதல் வரைவிலேயே செலவழித்துவிட மனம் வரவில்லை. விசைத்தறி நாவல் சென்ற மாதம் முடிந்தது. அதன் இரண்டாம் வரைவைத்தான் அந்த இருவரும் எதிர்பார்த்திருக்கிறார்கள்.